ஆளில்லாத வரவேற்பறை

நிகனோர் சாவிச் அன்று காலை கதவைத் திறந்தபோது வரவேற்பறையில் கூட்டமே இல்லை. எப்போதும் அவர் கண் விழிப்பதற்குள் அந்த அறை நிரம்பிவிடும். தளபதிகள், மதகுருக்கள், நிலம் கேட்டு வந்தவர்கள், பதவி கேட்டு வந்தவர்கள் எல்லோரும் கால் கடுக்க நிற்பார்கள். அரண்மனைக் குதிரை லாயத்தில் வேலை பார்த்த அழகனான அவரைப் பேரரசி தன் ஆசைநாயகனாக்கி அந்த உயரத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்.

முந்தின நாள் சீட்டாட்டத்தில் பேரரசி தன் அருகில், நிகனோர் வழக்கமாக உட்காரும் இடத்தில், காவல்படை இளைஞன் ஒருவனை உட்கார வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். ஊரே இப்போது அந்த இளைஞனின் வீட்டு வாசலில் பனியில் நிற்கும்.

கணப்படுப்போரம் கறுப்புச் சால்வை போர்த்திய ஓர் அம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"சேதி தெரியாதாம்மா? என் காலம் முடிஞ்சுபோச்சு."

"தெரியும்யா. உங்க சமையக்காரன் படியிலயே சொல்லிட்டான். கூட்டம் இருக்காதேன்னுதான் மேல வந்தேன்." அவள் நிதானமாக எழுந்தாள். "ஊரு ரியாசான் பக்கம். பேரு அக்ரபேனா. மூணு குளிர்காலமா வர்றேன். உங்க முதுகத்தான் பாத்திருக்கேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "என்ன வேணும்?"

"என் மகன் தாராஸ். குடிச்சுட்டு உங்களப் பத்திப் பாட்டு கட்டினான். சைபீரியாவுக்கு அனுப்பிட்டீங்க."

அவருக்கு நினைவே இல்லை. யாரோ ஒரு காகிதத்தை நீட்டியிருப்பார்கள், படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பார்.

"அந்தப் பாட்டச் சொல்லுங்க."

"எதுக்குய்யா? என்னையும் அவன்கிட்டயே அனுப்பவா?"

"இனிமே நான் யாரையும் எங்கயும் அனுப்ப முடியாது."

அவள் ராகமில்லாமல் சொன்னாள். குதிரை தேய்த்த கை இப்போது ராஜ்யத்தையே தேய்த்துவிடுகிறதாம். குதிரையாவது உதைத்தது, ராஜ்யம் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறதாம்.

இத்தனை வருடங்களில் நிகனோரின் முகத்துக்கு நேரே ஒருவரும் லாயத்தைப் பற்றிப் பேசியதில்லை. "நல்லாத்தான் கட்டியிருக்கான்," என்றார். "இங்கயே இருங்க."

மதியம் பேரரசி கூப்பிட்டனுப்பினார். ஜன்னலோரம் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"உக்காரு நிகனோர். கோவமா?"

"இல்ல மகாராணி. கொஞ்சம் பயமா இருக்கு. நாளைக்கு எழுந்து என்ன செய்யறதுன்னு தெரியல."

பேரரசி கோப்பையைக் கீழே வைத்தார். "வெறுங்கையோட உன்ன அனுப்ப மாட்டேன். எது வேணும்னாலும் கேளு."

தெற்கே இருக்கும் பெரிய பண்ணைகளைக் கேட்பது என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தார். வாயைத் திறந்ததும் வேறு சொல் வந்தது.

"தாராஸ்னு ஒருத்தன் சைபீரியாவுல இருக்கான். அவன விடுதலை பண்ணுங்க."

"யாரு அவன்?"

"என்னைக் கேலி பண்ணினவன்."

பேரரசி அவரையே பார்த்தார். "நேத்து நீயே விட்டிருக்கலாமே. என்னைக் கேக்கவே வேண்டாமே."

"நேத்து வரைக்கும் அவன் அம்மா என் கண்ணுல படல. கூட்டம் மறைச்சுது."

பேரரசி உத்தரவில் கையெழுத்திட்டார். பண்ணைகளை அவர் கேட்கவே இல்லை.

ஓகா நதிக்கரையில் அவருக்கென்று ஒரு சிறிய கிராமம் இருந்தது. உத்தரவை அக்ரபேனாவிடம் கொடுத்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தார். முதல் சில மாதங்கள் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போவார். பிறகு அதுவும் நின்றது.

அடுத்த கோடையில் அக்ரபேனா வந்தாள். தாராஸ் வீடு திரும்பிவிட்டானாம். உறைபனியில் இரண்டு விரல்கள் போய்விட்டனவாம்.

"கூட வரச் சொன்னேன். உங்க பேர எடுத்தாலே எழுந்து போயிடறான்."

"போகட்டும்மா. அவன் எடத்துல நானா இருந்தாலும் வரமாட்டேன்."

அவரே தேநீர் ஊற்றினார். அக்ரபேனா ஊர்க்கதைகளைச் சொல்லிக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள்.