சர்வர் தலையில் ஒரு பொட்டலம்

செயற்கைக்கோள் படங்கள் லட்சக்கணக்கில் கோப்புகளாகக் குவிகிற நாளாகப் பார்த்து, சின்ச்சு நகர அலுவலகத்தின் யூனிக்ஸ் சர்வர் படுத்துவிட்டது. சேமிப்பு வட்டில் பாதி இடம் காலி. ஆனாலும் இடமில்லை என்று அடம்பிடித்தது.

எல்லார் கண்ணும் அதன் தலைமேல் இருந்த பச்சைப் பொரிப் பொட்டலத்துக்குப் போனது. இயந்திரம் சமர்த்தாக இருக்கும் என்று அந்த ஊர் நம்பிக்கைப்படி வைப்பது அது. போன மாதமே காலாவதியாகியிருந்தது. மாற்ற வேண்டியவன் லாய்.

"தேதியைக்கூடப் பாக்கமாட்டியா? கெட்டுப்போனதை வச்சா அது எப்படி வேலை செய்யும்?" என்று முதலில் பாய்ந்தவள், சர்வரைக் கவனித்துக்கொள்ளும் பெய்ஷான்தான்.

லாய் சர்வரைக் குனிந்து வணங்கி மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கடைக்கு ஓடினான்.

பிறகுதான் அவள் கவனித்தாள். சர்வர் திணறுகிறதா என்று கண்காணிக்கக் காலையில் அவள் ஓடவிட்ட நிரல், ஒவ்வொரு அளவீட்டையும் தனிக் குட்டிக் கோப்பாக எழுதித் தள்ளியிருந்தது. வட்டில் இடமிருந்தாலும் இத்தனை கோப்புகள்தான் வைக்கலாம் என்ற வரம்பு தீர்ந்துபோயிருந்தது. சத்தமில்லாமல் அத்தனையையும் அழித்தாள்.

லாய் மூச்சிரைக்க வந்து புதுப் பொட்டலத்தை இரு கையாலும் வைத்தான். சர்வர் ஓடியது. எல்லாரும் கைதட்டினார்கள், அவளும் தட்டினாள்.

"நல்லவேளை, நீ கண்டுபிடிச்ச. நான் ஒரு மறதிக்காரன். சர்வரைப் பாத்துக்கற மாதிரி என்னையும் கொஞ்சம் பாத்துக்க, பெய்ஷான்."

"சரி" என்றாள்.