இடது பக்கத்துத் தோப்பு

1

இந்தக் கதை ஓர் உர விளம்பர நோட்டீசிலிருந்து வந்தது. அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். உள்ளொளி, உந்துதல் என்றெல்லாம் கதைவிட எனக்குப் பொறுமை இல்லை.

சரவணம்பட்டி ஐ.டி. ஆபீசில் என் பக்கத்து சீட்டுக்காரன் மதன்குமார்தான் அதை என் மேசையில் வீசினான். பளபளவென்று இரண்டு படங்கள். இடது பக்கம், மட்டையெல்லாம் பழுத்துத் தொங்கும் தென்னந்தோப்பு: ‘எங்கள் உரம் போடாதது. தம்பிதுரை தோப்பு, உடுமலைப்பேட்டை.’ வலது பக்கம் பச்சைப்பசேலென்று ஒன்று: ‘எங்கள் உரம் போட்டது.’ அதற்கு மட்டும் பெயர் இல்லை.

தம்பிதுரை, மதனின் அப்பா. மதனுக்குப் பெண் தேடித் தேடி ஓய்ந்து, கடைசியில் ஒரு பெண் வீட்டார் வந்து, தோப்பைச் சுற்றிப் பார்த்து, இளநீர் குடித்து, திருப்தியாகப் போயிருந்தார்கள். பிறகு இந்த நோட்டீஸ் அவர்கள் கையில் கிடைத்தது. வேறு யாருடைய தோப்பையோ காட்டி ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். “யோசிச்சுச் சொல்றோமுங்க” என்று தகவல் வந்தது. எங்கள் பக்கத்தில் மாட்டேன் என்பதை அவ்வளவு மரியாதையாகத்தான் சொல்வார்கள்.

2

‘வறண்ட தோப்பின் நடுவே தம்பிதுரை கண்கலங்கி நின்றார். அங்கே சரவணம்பட்டியின் கண்ணாடிக் கட்டடங்களோ...’

[அடித்தாயிற்று. அந்த மனுஷன் எங்கே கண்கலங்கினார்? உரக் கம்பெனிக்காரனைப் போனில் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார்.]

‘தம்பிதுரை ஏழைதான், ஆனாலும்...’

[ஏழையும் இல்லை. ஐயோ, இரண்டு கட்டம் போட்டு எதிரெதிரே நிறுத்தாவிட்டால் எனக்குக் கை ஓடாதா?]

(பத்திரிகை ஆசிரியர் பத்மாவதி வேறு: “கதைக்கு ரெண்டு படம் போடலாம். ஒண்ணுல விவசாயி சோகமா, இன்னொண்ணுல சிரிச்ச மாதிரி. பளிச்னு புரியும்.” புரிந்து கிழித்தது.)

3

இரண்டு படங்களையும் நான் உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இடதில் ஒரு மோட்டார் ரூம், அதற்கு நீலக் கதவு. வலதிலும் அதேதான்.

தம்பிதுரைக்குப் போன் போட்டேன்.

“ரெண்டும் என்ற தோப்புதானுங்க அம்மணி! ஒரு கோடையில வந்து புடிச்சானுங்க, அடுத்த வருசம் மழை முடிஞ்சு வந்து புடிச்சானுங்க. அந்த உரத்துல ஒரு புடி வாங்கியிருந்தா என்னைக் கேளுங்க!”

நான் சொன்னதும் மதன் துள்ளிக் குதித்துப் பெண்ணின் அப்பாவிடம் நீலக் கதவைப் பற்றிச் சொன்னான். அவர் என்ன கேட்டார் தெரியுமா? “அப்படீங்களா? அப்ப உரம் நல்லா வேலை செஞ்சிருக்குதுங்க! நேர்ல வந்து அப்பாகிட்டயே கேட்டுக்கறேன்.” எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

4

முடிவு அ: தம்பிதுரை ‘ஆமாங்க, உரந்தான்’ என்கிறார். கல்யாணம் நடக்கிறது. போடாத உரத்துக்கு ஆயுசு முழுக்க அவரே விளம்பரம்.

முடிவு ஆ: ‘மழைதானுங்க’ என்கிறார். அப்படியென்றால் அடுத்த கோடையில் மறுபடி மட்டை பழுக்குமே என்று பெண்ணைப் பெற்றவர்...

[பாருங்கள், மறுபடியும் இரண்டு படம். என்னை என்ன செய்தால் தகும்?]

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மதனின் அம்மா தெய்வாத்தாள் கூப்பிட்டார்.

“அம்மணி, பொண்ணோட அப்பா வந்துட்டே இருக்கறாருங்க. மதன் ‘உரம்னு சொல்லிப்போடுங்கப்பா’ன்னு கெஞ்சறான். இவரு மோட்டார் ரூம் கதவுகிட்டப் போயி நின்னுட்டாருங்க.”

“அவர் என்ன சொல்லுவாருன்னு நினைக்கறீங்கம்மா?”

“தெரியலீங்க. காஞ்சப்பவும் வந்து படம் புடிச்சாங்க, பச்சையானப்பவும் வந்து புடிச்சாங்க. நடுவுல மழை பேஞ்சப்ப ஒருத்தரும் வரலீங்களே. இருங்க, கார் சத்தம் கேக்குது.”

போன் வைக்கப்படவில்லை. கார்க் கதவு சாத்தும் சத்தம் எனக்கும் கேட்டது.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். மூன்றாவது கட்டம் ஒன்று போட்டு அதில் உங்களை நிறுத்தி வைக்கிறேன். காரிலிருந்து இறங்கியவர் நீங்கள்தான். உங்களுக்கு ஒரே மகள். கையில் நோட்டீஸ் இருக்கிறது. நீலக் கதவுக்கு முன்னால் தம்பிதுரை நிற்கிறார். கேளுங்கள். ஆனால், எந்தப் பதிலைச் சொன்னால் பெண் கொடுப்பீர்கள் என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.