மூன்று எழுத்தும் ஓர் ஓமும்

கொழும்பில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு 1997இல் கல்முனைக்குடிக்குத் திரும்பிய றாஸிக்குக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது. கனக்காமல் என்ன செய்யும்? பஸ்ஸில் ஏறினால் "கம்பியூட்டர் தம்பி" என்று எழும்பி இடம் கொடுக்கிறார்கள். போதாக்குறைக்கு, பிரதான வீதியில் அச்சகம் வைத்திருக்கும் ஷரிபுதீன் ஹாஜியார் தன் மகள் நுஸ்ஹாவுக்கு அவனையே பேசி முடித்திருந்தார். வருங்கால மாமனாரின் கடைக்கு வெறுங்கையோடு போகலாமா? அவன் ஒரு புரோகிராம் எழுதி எடுத்துக்கொண்டு போனான்.

கலியாணக் கார்ட் அமைக்கும் புரோகிராம். பெயர் 'மணவோலை'. மாப்பிள்ளை, பெண், இரண்டு பக்கத்துப் பெரியவர்கள் என்று பெயர்களை அதனதன் கட்டத்தில் போட்டால் போதும், கார்ட் தானாக அமைந்துவிடும். உச்சியில், பிஸ்மில்லாவுக்காகப் போடும் 786 தானாக வந்து உட்காரும். சேவ் பண்ணக்கூடத் தேவையில்லை, மூடும்போது தானே சேமித்துக்கொள்ளும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் கண்டவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டான்.

எழுதும்போது ஓர் இடத்தில் மட்டும் நின்று யோசித்தான். எந்த பைலுக்கும் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் மூன்று எழுத்தும் இருக்கும். அந்த மூன்று எழுத்தைப் பார்த்துத்தான், இதை எந்தப் புரோகிராமில் திறப்பது என்று விண்டோஸ் முடிவு செய்யும். மணவோலையின் பைல்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். தன் பெயரிலேயே மூன்று எழுத்தை எடுத்து வைக்க ஆசைதான். நுஸ்ஹா சிரிப்பாள் என்று விட்டுவிட்டு, கார்ட் என்பதற்காக சிஆர்டி என்று வைத்தான். அந்த எழுத்துகள் ஏற்கெனவே வேறு புரோகிராமுடையவையாக இருந்தால் கேட்காமல் பறிக்கக் கூடாது என்று புத்தகத்தில் இருந்தது. ஆகவே ஒரு கேள்வியையும் எழுதிப் புகுத்தினான்: 'இது ஏற்கெனவே வேறொன்றுக்குச் சொந்தம். எடுத்துக்கொள்ளட்டுமா?' ஆங்கிலத்தில்தான். அவனுடைய கம்ப்யூட்டரில் அந்தக் கேள்வி ஒருநாளும் எழவில்லை.

அச்சகத்துக் கம்ப்யூட்டரில் எழுந்தது.

ஹாஜியாரும் அவருடைய சொந்தக்காரர் நாலைந்து பேரும் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்யும் தவமலர் ஓர் ஓரமாக நின்றாள். பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வந்து போகிற பெண். திரையில் கேள்வி வந்து நிற்க, றாஸிக்குக்கு முகம் சுட்டது. எந்தப் புரோகிராமுக்குச் சொந்தம்? அவனுக்குத் தெரியாது. தேடிப் பார்த்திருக்கலாம். ஆனால் மாமனார் முன்னால் தெரியாமல் முழிப்பதா? 'யெஸ்' என்பதை, ஓம் என்பதை, அழுத்தினான்.

"அது என்ன சேர் கேட்டது?" என்றாள் தவமலர்.

"ஒண்டுமில்ல. சும்மா கேக்கும்."

அந்தப் பக்கத்தில் கலியாணக் கார்ட் என்பது விளையாட்டு இல்லை. எந்தக் குடும்பத்தில் எந்த மாமாவின் பெயர் முன்னுக்கு, யாருக்கு மரைக்கார் என்ற பட்டம் போட வேண்டும், யாருடைய பெயரை யாருக்குப் பக்கத்தில் போடவே கூடாது என்றெல்லாம் கணக்கு இருக்கிறது. ஒரு பெயர் பின்னுக்குப் போனால் அந்தக் குடி முழுவதுமே கலியாணத்துக்கு வராது. ஹாஜியாருக்கு இதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. அவர் சொல்லச் சொல்ல, தவமலர் வருடக்கணக்காகக் குடும்பத்துக்கு ஒரு அட்டையாக 'கார்ட்பைல்' என்ற பழைய புரோகிராமில் அடித்து வைத்திருந்தாள். அந்த பைலின் வாலிலும் அதே சிஆர்டிதான்.

மறுநாள் காலை வழக்கம்போல அந்த பைலை அழுத்தினாள். மணவோலை திறந்தது. 786, அதன் கீழே வெறும் கட்டங்கள். ஏதோ மாறித் திறந்துவிட்டது, தேவைப்படும்போது பார்க்கலாம் என்று மூடினாள். மூடும்போது மணவோலை தானே சேமித்துக்கொண்டது, பெயர்களின் மேலேயே. வியாழன் பின்னேரம், பத்திரத்துக்காக எப்போதும் செய்கிறது போல, அதை பிளொப்பியிலும் பிரதி எடுத்தாள். பிளொப்பியில் இருந்த பழைய நல்ல பிரதியும் போயிற்று.

சனிக்கிழமை ஊர்ப் பெரிய மனிதர் காலிதீன் தன் மகளின் கார்ட்டுக்கு வந்து நின்றபோதுதான் குட்டு உடைந்தது. ஹாஜியார் சத்தம் போட்டார். றாஸிக்குக்கு ஆள் போனது.

அவன் வந்து பைலை நோட்பேடில் திறந்தான். முதல் வரியில் 'மணவோலை'. இரண்டாவது வரியில் 786. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

என்ன நடந்தது என்று அந்த நொடியே புரிந்துவிட்டது. பின்னால் ஹாஜியார் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். காலிதீன் நாடியைத் தடவிக்கொண்டு நின்றார். 'பிழை என்னுடையது' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

"வைரஸ் போல இரிக்கி மாமா," என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே இதையும் சொன்னான்: "வெளிய இருந்து வந்த பிளொப்பியிலதான் வந்திரிக்கும்."

வெளியிலிருந்து பிளொப்பி கொண்டு வருகிறவள் அந்தக் கடையில் ஒருத்திதான். தவமலர் பின்னேரங்களில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறவள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அங்கால இருந்து வாற ஆக்கள நம்பி உட்டா இப்பிடித்தான்," என்றார் காலிதீன்.

யுத்தம் நடந்த அந்த வருடங்களில் தமிழரின் பாண்டிருப்புக்கும் முஸ்லிம்களின் கல்முனைக்குடிக்கும் நடுவில் இருந்த தூரத்தை ரோட்டில் அளக்க முடியாது. தன் வாயிலிருந்து விழுந்த சொல் எந்தப் பக்கம் உருளும் என்று றாஸிக்குக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னான். கேவலம் அதுதான்.

"பிளொப்பி நான் கொண்டு வாறதுதான். ஆனா..." தவமலர் ஹாஜியாரைப் பார்த்தாள்.

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொஞ்ச நாளைக்கு வர வேணாம் புள்ள," என்றார். அவள் கீபோர்டைத் துணியால் மூடிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள்.

றாஸிக்குக்குச் சோறு இறங்கவில்லை. உம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு "காய்ச்சலா மகன்?" என்றபோது அழுகை வந்தது. தொழுகையில் சுஜூதில் தலை வைத்தாலும் கண்ணுக்குள் அந்த 786தான். அல்லாஹ்வின் பெயருக்காக வைத்த எண்ணை இப்படி ஒரு பொய்க்குக் கீழே போட்டோமே என்று கூசிப்போனான். திங்கட்கிழமை கடை திறந்ததும் ஹாஜியாரிடம் போனான். கேள்வி வந்ததையும், தான் 'யெஸ்' அழுத்தியதையும், வைரஸ் என்று புளுகியதையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

ஹாஜியார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வெளங்கினதுதான் மகன்," என்றார். "பாண்டிருப்பில இருந்து வாற வைரஸ் 786 போட்டுக்கிட்டா வரும்?"

"அப்ப ஏன் மாமா அந்தப் புள்ளய..."

"நீ நம்மட ஊட்டுக்கு வாற மாப்பிள. காலிதீன்ட முன்னால உன்ன எப்பிடித் தல குனிய வெக்கிற? அந்தப் புள்ள போனா போகட்டும் எண்டு உட்டுட்டன்." கடைசி வார்த்தைகளை மேசையைப் பார்த்துத்தான் சொன்னார். அறுபது வயது மனிதர், ஹஜ்ஜு செய்தவர், அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தபடியே, "முதல்ல காலிதீன்ட போ. பொறகு அந்தப் புள்ளட்டப் போ. வரச் சொல்லு," என்றார்.

காலிதீன் கேட்டுவிட்டு "ஹ்ம்" என்று மட்டும் சொன்னார். அந்த "ஹ்ம்" அஸர் தொழுகைக்குள் ஊரெல்லாம் பரவும் என்பது றாஸிக்குக்குத் தெரியும். பரவட்டும் என்று பாண்டிருப்புக்குச் சைக்கிளை மிதித்தான்.

தவமலரின் தகப்பன் அழகரெத்தினம் வாசல் படலையில் அவனைக் கண்டதும் "வாங்க சேர்" என்று உள்ளே ஓடிக் கதிரை எடுத்து வந்தார். அந்த மரியாதைதான் அவனைக் கொன்றது. உட்காராமல் நின்றான். தவமலர் வெளியே வந்தாள்.

வழிநெடுக ஒத்திகை பார்த்து வந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. "பிழ என்னில. வைரஸ் எண்டது பொய். காலிதீன் காக்காட்டயும் சொல்லிட்டுத்தான் வாறன். ஹாஜியார் வரச் சொன்னவர்," என்றான்.

அவள் தகப்பனை ஒருதரம் பார்த்தாள். பிறகு, "வாறன். பேரெல்லாம் திரும்ப அடிக்கோணும்," என்றாள். "ஆனா ஒண்டு. அண்டைக்கு அது என்ன கேட்டது எண்டு உங்களிட்டக் கேட்டன். ஒண்டுமில்ல எண்டீங்க. இப்ப சொல்லுங்க சேர், என்ன கேட்டது?"

தானே எழுதிய கேள்வி. முதல் தடவையாகத் தமிழில் சொன்னான்.

"'இது வேற ஒண்டுக்குச் சொந்தம், எடுக்கட்டா?' எண்டு கேட்டது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அழகரெத்தினம் இன்னும் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓம் எண்டு சொன்னன்," என்றான் றாஸிக்.