ஆறு சென்றிமீற்றர்

கெமைண்ட என்கிற ஊராட்சி அலுவலகத்திலிருந்து வந்த மனிதர் சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு அடியிலிருந்த கெல்லருக்குள் படியிறங்கினார். யோசப்புக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. மரியாதை கெட்ட ஆளென்றால் சண்டை பிடிக்கலாம், இவரோடு என்ன செய்வது? அவர் கையிலிருந்த கருவியைத் தரையில் வைத்தார். சிவப்புப் புள்ளியொன்று முகட்டில் போய் நின்றது. இரண்டு மீற்றர் இருபத்துநான்கு. ஆட்கள் குடியிருக்கிற அறையென்றால் இரண்டு முப்பது வேண்டுமாம். தனக்கும் கவலைதான் என்றார்.

அந்த ஆறு சென்றிமீற்றரைத் தின்றது யோசப்தான். பாடன் நகருக்குப் பக்கத்தில் இந்த வீட்டை வாங்கிய புதிதில், கால் குளிராதென்று கெல்லர் தரைக்குப் பலகை போட்டு அதன்மேல் ரைல்ஸ் பதித்தது அவர் கை. மீன் பொரிக்கிற மணம் மேலே வரக்கூடாதென்று மனைவி திரேசா கேட்டதால் அங்கேயே ஒரு குசினியும் கட்டிக் கொடுத்தார். அதைக் கண்டதும் வந்தவர் கண்ணாடியை மாற்றிப் போட்டார். அடுப்பும் தனி வாசலும் இருந்தால் அது தனி வீடு. தனி வீட்டை வாடகைக்கு விட அனுமதி வேண்டும். அனுமதிக்கு உயரம் போதாது. சரி, அடுப்பைக் கழற்றினால்? அப்போது அது கைவேலை அறை, அதில் ஒருவரும் படுக்கக்கூடாது. தரையை உடைத்தால்? அதற்கொரு விண்ணப்பம், அயலவர் ஆட்சேபிக்க முப்பது நாள், பிறகு அலுவலகம் யோசிக்கும். கோடைக்குள் முடியலாம் என்றார், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

கோடைக்குள் முடிந்து யாருக்கு என்ன? நிலோஜினிக்கு மார்ச் முடிவுதான் கடைசி நாள். திரேசா வேலை செய்கிற முதியோர் இல்லத்தில்தான் அவளுக்கும் வேலை. மட்டக்களப்பில் சித்தியோடு இருக்கும் பதின்மூன்று வயது மகளை இங்கே எடுப்பதற்கு மனுப்போட வேண்டும். மனுவோடு, இருவர் குடியிருக்கத் தகுந்த வீட்டின் வாடகை ஒப்பந்தமும் வைக்க வேண்டும். இப்போது அவள் இருப்பது இல்லத்தின் ஊழியர் அறையில். பதினேழு வீடு போய்ப் பார்த்தாள், ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லை. அவள் விட்டுவிட்டு வரும்போது மகளுக்கு ஏழு வயது. எத்தனையோ பேர் சொல்லாமல் கொள்ளாமல் கெல்லரை வாடகைக்கு விடுகிறார்கள். ஆனால் மனு போகிற இடத்திலிருந்து கெமைண்டவைக் கேட்பார்கள் என்பதால்தான் யோசப், கெல்லரை அவளுக்கு விடலாமா என்று தானே போய்க் கேட்டு இந்த வில்லங்கத்தை வாங்கிக்கொண்டார்.

மனிதர் சப்பாத்து நாடாவைப் பொறுமையாகக் கட்டிக்கொண்டு போனதும் யோசப் வெடித்தார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவரை நான்கு மாதம் நிலத்துக்குக் கீழே, பங்கரில்தான் படுக்க வைத்தார்கள். அறுபது பேர், மூன்று தட்டுக் கட்டில், ஜன்னல் என்ற பேச்சே இல்லை.

“அதை அளக்க ஒருத்தனும் வரேல்லை,” என்றார்.

திரேசா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஓயும்வரை பொறுத்திருந்தாள்.

“இஞ்சாருங்கோ, மேல் வீட்டை அவளுக்கு எழுதிக் குடுப்பம். அது முறையான வீடுதானே. நாங்கள் கீழ போவம்.”

யோசப்புக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம் தலைக்கேறியது. முப்பது வருடம் தொழிற்சாலையில் மாடாய் உழைத்து, இரண்டு பிள்ளைகளையும் கட்டிக் கொடுத்து, கடைசியில் போய்ப் படுக்கிறது கெல்லரிலா? இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், நிலோஜினியின் மகளுக்கு இங்கே எந்த வகுப்புக் கிடைக்கும் என்று திரேசா போனில் யாரையோ விசாரிப்பது காதில் விழுந்தது. அதற்குமேல் முறுக்கிக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. சுத்தியலைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் அங்குமிங்கும் திரிந்துவிட்டு, போய்த் தங்கள் கட்டிலைக் கீழே இறக்க அதன் ஆணிகளைக் கழற்றத் தொடங்கினார்.

ஞாயிறு மத்தியானம் நிலோஜினி வந்தாள். ஒப்பந்தத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

“அப்ப நீங்க எங்க அண்ணை இருக்கப் போறீங்க?”

“அதை விடும் பிள்ளை. கையெழுத்தை வையும்.”

வைத்தாள். உடனே போனில் மகளைக் கூப்பிட்டு, அறை அறையாகக் காட்டிக்கொண்டு போனாள். யோசப் குசினி மேசையில் கெமைண்டவின் படிவங்களோடு இருந்தார். வீட்டில் யார் குடிவந்தாலும், யார் இடம் மாறினாலும் சொந்தக்காரர் அறிவிக்க வேண்டுமாம். நிலோஜினியின் படிவம் நிரம்பிவிட்டது. அடுத்தது அவருக்கும் திரேசாவுக்கும். எந்தத் தளத்தில் வசிக்கிறீர்கள் என்று கேட்டது. மேலே என்று எழுதினால் வீட்டில் நான்கு பேர், நிலோஜினியின் மனு நிற்காது. கீழே என்று எழுதினால் அந்த மரியாதையான மனிதர் திரும்பி வருவார். அந்தக் கட்டத்தின் மேல் பேனையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

உள்ளே நிலோஜினி சொல்வது கேட்டது. “இது உன்ட அறை.”

போனில் பிள்ளையின் குரல். “எனக்கு மட்டுமாம்மா? கதவைச் சாத்திக் காட்டுங்க.”

கதவு மூடியது. திறந்தது. பிள்ளை இன்னொருமுறை கேட்டிருக்க வேண்டும், திரும்பவும் மெதுவாக மூடியது.