பால் குடித்த லாரி

கோம்போ லாரியின் ஆயில் அளவுக் கம்பியை உருவி, மனைவி டுல்மாவின் மூக்குக்கு நேரே நீட்டினான். நுனியில் கறுப்பு ஆயிலுக்குப் பதிலாகப் பால்தேநீர் நிறத்தில் கொழகொழவென்று ஏதோ அப்பியிருந்தது.

"பாத்தியா உன் வேலைய? தெளி தெளின்னு தெளிச்சு, இன்ஜினுக்கே பால் ஊட்டிட்ட!"

பயணம் நல்லபடி அமைய, வண்டி கிளம்பும்போதெல்லாம் சக்கரத்துக்கும் பானட்டுக்கும் கரண்டியால் பால் தெளித்து வழியனுப்புவது டுல்மாவின் வழக்கம். போன வாரம் அவன் கணவாய்ப் பக்கம் கிளம்பியபோது ஆயில் மூடி திறந்து கிடந்ததோ? அவளுக்கே சந்தேகம் தட்டியது.

"பழச வடிச்சிட்டுப் புது ஆயில் ஊத்துறேன். நாளைக்கே கூடாரத்த ஏத்திக் கிளம்பிடலாம். இனிமே வண்டிப் பக்கம் பாலோட வராத."

அந்தப் பேச்சு அவளைச் சுட்டது. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பனிக்கு முன் ஆடுகளோடு கணவாயைத் தாண்டிக் குளிர்கால மேய்ச்சல் நிலத்துக்குப் போயாக வேண்டும். காரணம் பால் இல்லையென்றால், புது ஆயிலும் நடுமலையில் இப்படித்தான் ஆகும். பிள்ளைகளோடு அங்கேயே விறைக்க வேண்டியதுதான்.

"ஒரு கரண்டிப் பாலா இவ்வளவு பண்ணும்? இரு, பாத்துடலாம்."

சூடான அடுப்புத் தகட்டில் ஒரு சொட்டுப் பால் விட்டாள். தீய்ந்து நாறியது. பக்கத்திலேயே கம்பியிலிருந்ததை வழித்து வைத்தாள். படபடவென்று வெடித்துப் புகைந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தாள். தீய்ந்த பால் வாசனை துளியும் இல்லை.

"தண்ணிப்பா இது! ரேடியேட்டரத் தொற."

ரேடியேட்டரில் தண்ணீர் நான்கு விரல் இறங்கியிருந்தது. வண்டிக்கடியில் ஈரமே இல்லை. மூடியைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார்கள். தண்ணீர் குமிழி விட்டது. டுல்மா குழாயைத் தொட்டுப் பார்த்தாள்.

"சில்லுன்னு இருக்கு. பின்ன எப்படிக் கொதிக்குது?"

கோம்போ அவசரமாக இன்ஜினை நிறுத்தினான்.

"கொதிக்கல. உள்ள எரியுற காத்து தண்ணிக்குள்ள வருது. இன்ஜின் மேல மூடியிருக்குற ஹெட்டுக்கு அடியில அடைச்சிருக்குற கேஸ்கெட் தகடு போச்சு. அது வழியாத்தான் தண்ணியும் ஆயிலுக்குப் போயிருக்கு."

"அது ஏன் போச்சு? போன வாரம் கணவாய்ல என்ன நடந்துச்சு?"

"சூடேறிக் கொதிச்சுது. ஓடைத் தண்ணி ஊத்தினேன்."

"ஆறவிட்டா?"

அவன் ஆடுகளைப் பார்த்தான். "இல்ல. ஐஸ் மிதந்துச்சு அதுல. சுட்ட இரும்பு கோணிருக்கும்."

"நான் கரண்டில தெளிச்சேன். நீ வாளியோட கவுத்திருக்க!"

கோணிய ஹெட்டைக் கழற்றி நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சமமாகக் கடைந்து, புது கேஸ்கெட் வைத்து, கலங்கிய ஆயிலையெல்லாம் வடித்துக் கழுவி மாற்ற மூன்று நாள் பிடித்தது. நான்காம் நாள் காலை முதல் பனித்துகள் விழுந்தது. கூடாரம் ஏற்றியாகிவிட்டது. பிள்ளைகளும் ஏறிவிட்டார்கள். டுல்மாவும் பாலைத் தொடாமல் ஏறி உட்கார்ந்தாள்.

கோம்போ கிளப்பவில்லை. இறங்கிப் போய்ப் பால் வாளியையும் கரண்டியையும் எடுத்துவந்து அவள் பக்கத்துக் கதவருகே நின்றான்.

"தெளிக்காம எப்படிப் போறது?"

"ஆயில் மூடிய இறுக்கிட்டியா?"

"ரெண்டு தடவ." தொப்பியைக் கழற்றித் தலையைக் குனிந்தான். "இங்கயும் கொஞ்சம் தெளி. சும்மாச் சும்மா சூடேறுது."

அவள் இறங்கிவந்து, முதலில் அங்கேதான் தெளித்தாள்.