முட்டை அட்டைக் கப்பல்

காத்தானுக்கு அந்தத் தொடரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் ஒரு நாள் பார்க்காமல் விட்டதில்லை. பார்க்காமல் எப்படித் திட்டுவது?

கரியாலூருக்கு மேலே, பஸ் ரோட்டை விட்டு உள்ளே நடக்கிற தூரத்தில் இருந்தது அவர் வூடு. விளக்கு வைத்ததும் அவர் பெண்சாதி பெருமாயி டிவி முன்னால் போய்க் குந்திவிடுவாள். முன்னால் என்றால் முழ தூரம். மூக்கு பெட்டியில் இடிக்காத குறை. ஒரு கண் அவளுக்கு எப்போதோ போய்விட்டது. இன்னொன்றிலும் மார்கழிப் பனி மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் தலை மறைத்தது போக மிச்சம் தெரிகிற பெட்டியைத்தான் காத்தான் பார்க்கவேண்டும். அதிலேயே அவருக்குப் பாதி எரிச்சல்.

மீதி எரிச்சல் கப்பலால் வந்தது. இன்னும் எத்தனையோ வருஷம் கழித்து நடக்கிற கதையாம். ஆகாயத்தில் ஒரு கப்பல் போய்க்கொண்டே இருக்கும். அதற்குள் வெள்ளித்துணி போட்ட ஒரு கூட்டம். எந்த தேசத்திலோ எடுத்து, தமிழ் பேச விட்டிருந்தார்கள். வாய் ஒரு பக்கம் போகும், பேச்சு ஒரு பக்கம் வரும்.

காத்தான் பள்ளிக்கூடம் போனது மழைக்கு ஒதுங்கத்தான். ஆனால் எதிலும் ஒரு நியாயம் வேண்டாமா? கப்பல் ஓடுகிறதே, டீசல் எங்கே ஊற்றுகிறான் என்று கேட்பார். மகன் விஜயராகவன் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு சின்னசேலம் பக்கம் மில்லுக்குப் போய், திரும்ப மலை ஏறி வருவதற்குள் அந்தச் சின்ன வண்டி குடிக்கிற டீசல் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். இது நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் போகிறது, நடுவில் ஒரு பங்க் கிடையாது. வெள்ளித்துணிக்காரன் கையை வைத்தால் கதவு திறக்கும். காத்தான் ரேஷன் கடையில் கையை வைத்தால் அந்த மிஷின் ஆள் யார் என்று கேட்கும். களைக்கொத்து பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? விரலை எச்சில் தொட்டு, துடைத்து, மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் அரிசி இல்லாமல் திரும்பி வந்த நாளும் உண்டு. சந்திரனுக்கு அந்தாண்டை இருக்கிறவனோடு இவன் பக்கத்து வூட்டுக்காரனிடம் பேசுகிற மாதிரி பேசுகிறான். இங்கே மகனுக்குப் போன் போட பாறை மேல் ஏறி நிற்கவேண்டியிருக்கிறது.

"இத்தினி நாள் ஓடுதே, ஒருத்தனாவது ஒதுங்கப் போயிருக்கானா பாரு" என்பார் காத்தான்.

"உனக்கு ஏன்யா அந்தக் கவல" என்பாள் பெருமாயி, பெட்டியை விட்டு முகத்தை எடுக்காமல்.

அவர் சொன்ன எதையும் அவள் நம்பினதில்லை. கப்பல் இருக்கிறது, ஓடுகிறது, கண்ணால் பார்க்கிறோம், அப்புறம் என்ன என்பது அவள் கட்சி. ஒரே ஒரு நாள்தான் நம்பினாள். அதுதான் வினையாகப் போயிற்று.

அன்றைக்குக் கப்பலில் ஒரு கிழவனுக்குக் கண் தெரியாமல் போயிருந்தது. டாக்டர்காரி அவனைப் படுக்கப் போட்டு, கண்ணில் ஒரு ஒளியை அடித்து, உள்ளே இருந்த அழுக்கை உறிஞ்சி எடுத்துவிட்டு ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை உள்ளே வைத்தாள். ஐந்து நிமிஷம்தான். கிழவன் எழுந்து உட்கார்ந்து பேத்தி பேரைச் சொன்னான்.

காத்தானுக்குத் தாளவில்லை. கண்ணில் தூசு விழுந்தாலே மனுஷன் நாலு நாள் குதிக்கிறான், இவள் கண்ணாடியை வைக்கிறாளாம். அவர் எத்தனை ஆடு அறுத்தவர். தலையை உரிக்கும்போது கத்தி நுனி தவறிக் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? தண்ணீர் ஒழுகி, கண் காற்றுப்போன பலூன் மாதிரி சுருங்கிவிடும். பொத்தல் போட்ட குடத்தில் எதை வைத்து மூடுவாய்? இதையெல்லாம் அவர் எழுந்து நின்று, கையை ஆட்டி ஆட்டி விளக்கினார்.

பெருமாயி கையும் தலைக்கறி ஆக்கிய கைதான். ஆட்டுக் கண் அவளுக்கும் தெரியும். முதல் தடவையாக முகத்தைத் திருப்பி, "ஆமாய்யா, அது பொய்யாத்தான் இருக்கும்" என்றாள். காத்தான் அன்றைக்கு ஒரு கை சோறு கூடச் சாப்பிட்டார்.

அந்த மாதத்தில்தான் பெருமாயி சாமைக் காட்டில் களை எடுக்கிறேன் என்று பயிரைப் பிடுங்கிவிட்டுக் களையை நிறுத்தி வைத்தாள். சோற்றில் கல் கடித்தது. காத்தான் அதையெல்லாம் திட்டியே சமாளித்தார். ஆனால் ஒரு நாள் மத்தியானம், கஞ்சித் தூக்கோடு வந்தவள் வரப்பு முடிந்தது தெரியாமல் ஓடைச் சரிவில் காலை வைத்துவிட்டாள். ஒரு உண்ணிச்செடி பிடித்துக்கொண்டது. இல்லையென்றால் கீழே பாறைதான். காத்தான் தூரத்திலிருந்து பார்த்தார். அன்றைக்கு அவர் யாரையும் திட்டவில்லை.

அடுத்த வாரம் மருமகள் சந்திரலேகா சேதி கொண்டுவந்தாள். கரியாலூர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போடுகிறார்களாம். பார்த்து, கண்ணில் புரை விழுந்திருந்தால் வேனிலேயே கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்து, மறுநாள் கொண்டுவந்து விடுவார்களாம். பெருமாயி எப்படிச் செய்வார்கள் என்று கேட்டாள். சந்திரலேகா கேட்டு வந்ததை அப்படியே ஒப்பித்தாள். சின்னதாக ஒரு ஓட்டை போட்டு, உள்ளே வெளுத்துப்போனதை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஒரு கண்ணாடியை வைப்பார்கள். கொஞ்ச நேர வேலைதான்.

பெருமாயி சிரித்துவிட்டாள். "இத நாங்க டிவியில பாத்துட்டோம்மா. பொய்யி. உங்க மாமனையே கேளு."

சந்திரலேகா மாமனாரைப் பார்த்தாள். டிவியில் வந்தது பொய், இது வேறு என்று காத்தான் ஏதோ சொன்னார். இன்னா வேறு என்றாள் பெருமாயி. அதே ஓட்டை, அதே கண்ணாடி. குடத்தில் பொத்தல் போட்டால் தண்ணி நிக்காது என்று சொன்னது யார்? காத்தான் மிரட்டிப் பார்த்தார். ஓடைச் சரிவைச் சொல்லிப் பார்த்தார். இருக்கிற அரைக் கண்ணையும் ஒழுக விட்டுவிட்டு உட்கார அவள் தயாராக இல்லை. நாற்பது வருஷமாக அவர் பேச்சைக் கேட்காதவள், கேட்டது இந்த ஒன்றை. அதையும் விட மாட்டேன் என்கிறாள்.

உள்ளுக்குள் காத்தானுக்கும் சந்தேகம்தான். சும்மா எவன் கண் திறப்பான்? மலைக்கு மேலே வேன் வைத்துக்கொண்டு வருகிறவன் எதையோ எடுக்கத்தான் வருவான். முகாம் அன்றைக்கு, திருட்டைக் கண்டுபிடிக்கிறேன் என்று அவர் தனியாகப் போனார்.

அங்கே அவரையும் விடவில்லை. சுவரில் மாட்டின அட்டையில் மூன்று கால் வைத்த எழுத்து சின்னதும் பெரிதுமாக இருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டச் சொன்னாள் ஒரு பெண். வலது கண்ணில் பெரிய எழுத்தை மட்டும் தட்டுத் தடுமாறிக் காட்டினார். இடது கண்ணுக்கு மாற்றியதும், "ஏம்மா, அட்டைய எடுத்துட்டு இன்னா காட்டச் சொல்ற" என்று சத்தம் போட்டார். அட்டை அங்கேயேதான் இருந்தது. பக்கத்திலிருந்தவன் சிரித்தான்.

உங்க கண்ணுக்குள்ள இருக்கற மணி வெளுத்துப்போச்சுங்க தாத்தா என்றாள் அந்தப் பெண். எல்லோருக்கும் உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு மணி இருக்குமாம். அது வெளுத்தால் வெளிச்சம் உள்ளே போகாதாம்.

காத்தானுக்கு ஆட்டுத் தலை ஞாபகம் வந்தது. தலைக்கறியில் கண்ணை மென்றால் உள்ளே சுண்ணாம்பு உருண்டை மாதிரி வெள்ளையாக ஒன்று வரும். ஆயுசு முழுக்க அதைத் துப்பி எறிந்திருக்கிறார். அட, அது இதுதானா. குடத்தையே பார்த்தார், குடத்துக்குள் இருந்ததைப் பார்க்கவில்லை. தன் மேலேயே வந்த கோபத்தில் வேனில் ஏறி உட்கார்ந்தார். என் கண்ணிலேயே வையுங்கள், பொய்யாக இருந்தால் அப்புறம் பேசிக்கொள்கிறேன் என்றார்.

ஆஸ்பத்திரியில் பச்சைத் துணி போர்த்தி, மருந்து விட்டு, ஒரு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். தண்ணீர் சொட்டியது. டாக்டர் பக்கத்தில் இருந்தவரோடு யார் வூட்டுக் கல்யாணத்தையோ பேசிக்கொண்டிருந்தார். எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்தான் காத்திருந்தார். முடிந்துவிட்டது, எழுந்திருங்கள் என்றார்கள். ஒன்றுமே செய்யாமல் ஏமாற்றிவிட்டான்கள் என்றுதான் இரவு முழுக்க நினைத்தார். காலையில் கட்டைப் பிரித்தபோது சுவரில் ஒரு விரிசல் தெரிந்தது. அதில் ஏறிப்போகிற எறும்பு தெரிந்தது. சந்தோஷப்படவேண்டிய இடம்தான். அவருக்கு யாரோ பொதுவில் வைத்துத் தலையில் குட்டின மாதிரி இருந்தது.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வூட்டுக்கு வந்தவரிடம் பெருமாயி, வைத்தார்களா என்று கேட்டாள். ஏதோ வைத்தார்கள் என்றார். தெரியுதா என்றாள். முன்ன தெரியலன்னு யாரு சொன்னது என்று எரிந்து விழுந்தார். அவ்வளவுதான். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பாத்தியா, நான் சொல்லல, என்று சந்திரலேகாவிடம் சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள்.

சந்திரலேகா மாமனாரைத் தனியாகப் பிடித்தாள். வர்ற வாரம் இன்னொரு தடவை வேன் வரும், அதை விட்டால் எப்போது வருமோ தெரியாது. "நல்லா தெரியுதுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு உங்களுக்கு இன்னா மாமா?" என்றாள். காத்தான் ஆட்டுக் கண் மணியை வைத்துப் பெருமாயியிடம் பேசிப் பார்த்தார். அது அடுப்பில் வெந்ததால் வெளுத்தது, என் கண்ணு இன்னா வெந்தா போச்சு, நான் இன்னா ஆடா என்று கேட்டாள். தான் சொன்னது தப்பு என்கிற வார்த்தையை அந்த வாய் சொல்லிப் பழகவில்லை.

வேன் வருகிறதற்கு முந்தின நாள் சாயங்காலம், வழக்கம்போலக் கப்பல் ஓடியது. காத்தான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். பெருமாயியின் தலைக்கு மேலே கப்பலின் உள்சுவர் தெரிந்தது. அவர் முன்னால் குனிந்தார். எழுந்து நின்றார்.

"அடப்பாவிகளா. ஏ பெருமாயி, அந்தச் செவுரு பூரா முட்ட அட்ட. வெள்ளி பெயிண்ட் அடிச்சு ஒட்டி வச்சிருக்கான். இங்க பாரு, இந்த மூலையில கிழிஞ்சு தொங்குது."

கப்பலுக்கு வெளியே போகிறவன் காற்றுக்காக முதுகில் மாட்டியிருந்தது பயிருக்கு மருந்து அடிக்கிற டேங்க். கைப்பிடியை மட்டும் அறுத்துவிட்டிருந்தான். பிடி இருந்த ஓட்டையைக்கூட அடைக்கவில்லை. இத்தனை நாள் டீசல் எங்கே, சிக்னல் எங்கே என்று வாதாடி ஓய்ந்தவர் கையில் இப்போது சாட்சியே கிடைத்துவிட்டது. அவர் பெட்டியைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

பெருமாயி மூக்கை வைத்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் சாய்ந்தும் பார்த்தாள். மின்னியது, அவ்வளவுதான் தெரிந்தது.

"சும்மா சொல்ற நீ" என்றாள். "இத்தினி நாளா பாக்கறியே, அப்பல்லாம் முட்ட அட்ட ஏன் தெரியல?"

"அப்ப கண்ணு தெரியல" என்றார் காத்தான்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. பெருமாயி பெட்டியை விட்டுத் திரும்பினாள். அவர் முகம் இருக்கிற பக்கமாகப் பார்த்தாள். கப்பலில் யாரோ யாரையோ சுட்டார்கள்.

"அப்ப அந்தக் கண்ணாடி நெசமா?"

அவர் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "நெசந்தான்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு உனக்கு இன்னா கேடு" என்றாள் பெருமாயி. படுக்கிறதற்கு முன்னால் சந்திரலேகாவைக் கூப்பிட்டு, காலையில் வேன் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். கூட வரட்டுமா என்ற காத்தானிடம், நீ வந்து அங்கயும் எதையாவது பேசி வைக்காத என்றாள்.

மறுநாள் முழுக்க காத்தான் வூட்டுக்கும் பஸ் ரோட்டுக்குமாக நடந்தார். ஒழுகிவிட்டால்? தனக்கு நன்றாக வந்தது அவளுக்கும் வரவேண்டும் என்று என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சந்தேகப்பட்டே பழகின மனசு, நல்லதை நம்பத் தெரியாமல் கிடந்து அடித்துக்கொண்டது.

அதற்கடுத்த நாள் வேன் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடியோடு இறங்கின பெருமாயி, யார் கையையும் பிடிக்காமல் ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்தாள். வாசலில் சந்திரலேகா உலர்த்தியிருந்த சாமையில் கையை விட்டு, கல்லைப் பொறுக்கி அந்தாண்டை எறிந்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

சாயங்காலம் பெட்டிக்கு முன்னால் போகவில்லை. எதிர்ச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு பார்த்தாள். பெட்டி முழுசாகத் தெரிந்ததில் காத்தானுக்கு என்னவோபோல் இருந்தது.

"முட்ட அட்டதான்" என்றாள் பெருமாயி. "அதுக்கா அந்தக் குதி குதிச்ச?"

அன்றைக்குக் கப்பலில் புதுசாக ஒன்று வந்திருந்தது. ஒரு பீரோ மாதிரி இருந்தது. வெள்ளித்துணிக்காரன் அதற்குள் போய் நின்றான். மறு நொடி அங்கே இல்லை. எங்கேயோ ஒரு நட்சத்திரத்தில், அதே மாதிரி இன்னொரு பீரோவிலிருந்து இறங்கி வந்தான். காத்தான் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தார்.

பெருமாயி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இதுவும் பொய்யா?"

காத்தான் வாயை மூடிக்கொண்டார். இனி ஆயுசுக்கும் எதைச் சொன்னாலும் இவள் இந்தப் பார்வையைத்தான் பார்ப்பாள்.

"வரட்டும், வரட்டும்" என்றார் கடைசியில். "மொதல்ல கரியாலூருக்குச் சாயங்கால பஸ்ஸு நேரத்துக்கு வரட்டும். அப்பறம் பீரோவுல ஏறலாம்."