இருபதுக்குப் பூஜ்யம்

“நாலு விடையையும் வாசி, டிரைவரம்மா. ஒண்ணையும் விட்டுடாதே.”

அவள் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, மடியில் இருந்த லேப்டாப்பில் பதினான்காவது கேள்வியின் விடைகளை வாசித்தாள். முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவள். அவள் ஓட்டிய தூரத்துக்கு நிலாவுக்குப் போய், அங்கே ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். அதனால் எதை வாசித்தாலும் அடுத்த நிறுத்தத்தை அறிவிக்கும் குரல்தான் வந்தது.

“சீட்டைக் கீழே போடுவது. எதிராளி வைத்த அளவுக்கு வைப்பது. அதற்கு மேல் ஏற்றுவது. கையில் உள்ள பந்தயச் சில்லு முழுவதையும் நடுவில் தள்ளுவது.”

படுக்கையில் சாய்ந்திருந்த கணவர் கண்களை மூடி யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் ஒரு பிள்ளை பிறந்து, பல் முளைத்து, பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிடும். மூக்கில் குழாய். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் இயந்திரம், பழைய குளிர்சாதனப் பெட்டியைப்போல உறுமிக்கொண்டிருந்தது.

“ரெண்டாவது போடு.”

போட்டாள். சரியா தவறா என்று திரை சொல்லவில்லை. இருபதும் முடிந்தபிறகுதான் சொல்லுமாம்.

லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மூன்று வாரத்துக்கு முன்பு டாக்டர் ஒரு தாளில் இதயத்தை வரைந்து, அதில் பாதியை அடித்துவிட்டு, “வீட்டுலயே வச்சுப் பாத்துக்குங்க. சில வாரம்” என்று சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே இவர் தன் தீர்மானத்தை அறிவித்தார். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான போக்கர் டோர்னமென்ட் ஒன்று நான்கு மாதத்தில் வருகிறது. அதில் ஆடப்போகிறார். பத்தொன்பது வருடம் சீட்டைத் தொடாத கை. முதலில் படிக்க வேண்டும்.

நான்கு மாதத்துக்கும் சில வாரத்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் ஒரு பேருந்தைத் திருப்பலாம். அதைப்பற்றி இருவருமே பேசவில்லை.

எதை வைத்துப் படிப்பது என்பதுதான் மூன்று வாரமாக வீட்டில் நடந்த ஒரே விவாதம். வெளியூரில் இருக்கும் மகள் ஒரு பட்டியல் அனுப்பினாள். இவர் அதைப் பெண் பார்க்கப் போனவரைப்போல ஒவ்வொன்றாகக் குறை சொல்லித் தள்ளினார். அறுநூறு பக்கப் புத்தகம்: “இது நாங்க ஆடின காலத்து ஆட்டம். இதைப் படிச்சுட்டுப் போனா எதிர்ல இருக்கறவன் எந்திரிச்சு நின்னு கும்பிடுவான்.” எண்பது மணி நேர வீடியோப் பாடம்: “மீசை முளைக்காதவன் மூச்சு விடாம பேசறான். எனக்கே மூச்சு இல்ல.” ஆட்டத்தைக் கணக்குப் போட்டு விடை சொல்லும் மென்பொருள்: “எது சரின்னு சொல்லுது, ஏன்னு சொல்ல மாட்டேங்குது. உங்கம்மா மாதிரி.” மணிக்கணக்கில் போனில் சொல்லித்தரும் பயிற்சியாளர்: “முதல் நாள் பூரா அவன் என் இருமலைத்தான் கேப்பான்.”

கடைசியில் மகள் இன்னொரு தளத்தைக் கண்டுபிடித்தாள். அதில் இருபது கேள்வி. பதில் சொன்னால், ஆளின் தரத்தைப் பார்த்து எந்தப் பாடத்தில் தொடங்கலாம் என்று அதுவே சொல்லும். இவர் குஷியாகிவிட்டார். “பரீட்சைதான் சரி. நீ வாசி, நான் சொல்றேன்.”

குஷி அவருக்கு. அவளுக்கு இல்லை.

பத்தொன்பது வருடத்துக்கு முன்பு ஒரு டோர்னமென்ட் மூன்று நாள் இழுத்ததில், மகளின் பள்ளி இறுதி நாளை இவர் கோட்டைவிட்டார். திரும்பி வந்தபோது மனைவி வாசலிலேயே கேட்டாள்: “அது வேணுமா, வீடு வேணுமா?” அவர் “வீடு” என்றார். உள்ளே வந்து சாப்பிட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு முணுமுணுப்பு, ஒரு பெருமூச்சு, தொலைக்காட்சியில் யாராவது சீட்டுக் கலைத்தால் ஒரு திரும்பிப் பார்த்தல், எதுவும் கிடையாது. ஒரு தடவை சண்டை போட்டிருந்தால்கூட அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். இந்த மனிதர் உண்மையிலேயே கெட்டிக்காரராக இருந்தாரா, தான் பிடுங்கிப் போட்டது தங்கமா தகரமா என்று அவளுக்குத் தெரியவே இல்லை. கேட்கவும் மனம் வரவில்லை. இப்போது அதை ஒரு லேப்டாப் சொல்லப்போகிறது.

“இருபதாவது” என்றாள்.

வாசித்தாள். அவர் நான்கு விடைகளையும் மறுபடி வாசிக்கச் சொன்னார். அதற்கு மேலும் ஒரு தடவை.

“நாலாவது.”

“நிச்சயமா?”

“என்னமோ உனக்குத் தெரிஞ்ச மாதிரி கேக்கறே. போடு.”

போட்டாள். ஒரு சக்கரம் சுழன்றது. பிறகு திரையின் நடுவில் ஒரு வட்டம் வந்தது. அதையும் சக்கரம் என்றே நினைத்து அவள் காத்திருந்தாள்; அது சுற்றவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

“என்ன வந்திருக்கு?”

“பூஜ்யம்.”

“எத்தனைக்கு?”

“இருபதுக்கு. உங்களுக்கு ஏற்றது ஆரம்பநிலைப் பாடமாம். முதல் பாடத்தோட தலைப்பு, ‘சீட்டுக்கட்டில் ஐம்பத்திரண்டு சீட்டுகள் உள்ளன’.”

அவர் சிரித்தார். தோள் குலுங்க, குழாய் நழுவ, கண்ணில் நீர் வர, கட்டிலின் நான்கு காலும் ஆடச் சிரித்தார். “பாத்தியா! நீ மட்டும் அன்னிக்கு நிறுத்தலேன்னா ஊர் சிரிச்சிருக்கும். பெரிய உபகாரம் பண்ணியிருக்கே.”

“ஏங்க, ஒண்ணுகூடவா தெரியல?” என்று அவளும் சிரித்தாள். குழாயை எடுத்துச் சரியாக வைத்தாள். பத்தொன்பது வருடமாக இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்து நின்றே வந்த பயணி ஒருவர், அவளுக்குள் அப்பாடா என்று உட்கார்ந்தார்.

“அந்த ஆரம்பநிலையையே சேர்த்துடு. ஐம்பத்திரண்டுல இருந்து தொடங்கறேன்” என்றார். சேர்த்தாள். “தொண்டை காயுது” என்றார். வெந்நீர் வைக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர்தான் நின்றுபோயிருந்தார். அவள் வழக்கம்போல முதலில் கடிகாரத்தைப் பார்த்தாள்: பதினொன்று நாற்பது. தம்ளரை மேசையில் வைத்தாள். கன்னத்தைத் தொட்டாள். பிறகு இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தாள். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது.

மறுநாள் அடக்கம் முடிந்து, பக்கத்திலிருந்த சின்னக் கூடத்தில் எல்லோருக்கும் டீ. லிஃப்ட் கம்பெனி ஆட்கள் நான்கு பேர் ஒரு மூலையில் நின்று, பழக்க தோஷத்தில் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். அப்போது கல்லு வந்தார்.

கல்லு முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். கணவரோடு பத்து வருடம் ஒரே மேசையில் ஆடியவர். சீட்டாடும்போது அவர் முகத்தில் ஈ உட்கார்ந்து குடித்தனம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்துவிட்டுப் போகும், ஒரு சதை அசையாது. அதனால் வந்த பெயர். இன்றைக்கு அந்த முகம் நனைந்த துணிபோலத் தொங்கியது. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரைத் தேற்றத்தான் அவள் அந்தக் கதையைச் சொன்னாள்.

“கடைசியா உங்க ஆட்டத்துலதான் தம்பி, உங்க அண்ணன் பரீட்சை எழுதினாரு. இருபதுக்குப் பூஜ்யம். என்னா சிரிப்பு தெரியுமா!”

“பூஜ்யமா?”

“ஒண்ணுகூடத் தேறல.”

“எங்க, காட்டுங்க அண்ணி.”

மகள் தன் போனில் அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தாள். கல்லு ஒற்றை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நனைந்த துணி மெல்ல மெல்ல நிமிர்ந்தது. முகத்தில் வெளிச்சம் ஏறியது.

“கையில ரெண்டு ஏஸ். அதைவிடப் பெரிய சீட்டு உலகத்துலயே இல்ல. கீழ போட்டிருக்காரு! அய்யோ, இதைப் பாருங்க… இதைப் பாருங்க!” தொடையில் தட்டினார். “அண்ணி, ஒவ்வொண்ணுக்கும் நாலு விடை. கண்ணைக் கட்டிக்கிட்டுக் குத்தினாக்கூட இருபதுல ஒரு அஞ்சு சரியா விழும். நேரம் கெட்டுக் கெடந்தாலும் ரெண்டு விழும். பூஜ்யம் வாங்கணும்னா இருபதுக்கும் சரியான விடை எதுன்னு தெரிஞ்சிருக்கணும்! தெரிஞ்சு, அதை மட்டும் தொடாம தாண்டி வரணும். எங்க கூட்டத்துலயே வேற எவனாலயும் முடியாது. என்ன, நாலஞ்சை சரியா விட்டிருக்கலாம். யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. அண்ணனுக்கு எப்பவுமே இந்தப் பேராசை, பொய்னா முழுசா…”

நிறுத்திவிட்டார்.

அவள் கணவர் ஏன் ஆட்டத்தை விட்டார் என்பது கல்லுவுக்குத் தெரியும். பரீட்சையில் கேள்வியை யார் வாசித்திருப்பார்கள் என்பது இப்போதுதான் அவருக்கு எட்டியது.

லிஃப்ட் கம்பெனிக்காரர் ஒருவர் தும்மினார். மகள் போனை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியபடி நின்றாள்.

“ஆனா அதெல்லாம் அந்தக் காலம் அண்ணி” என்றார் கல்லு, குரலைத் தாழ்த்தி. “இப்ப ஆட்டமே தலைகீழா மாறிப்போச்சு. நாங்க சரின்னு நெனச்சதெல்லாம் இன்னிக்குத் தப்பு. என்னை உக்கார வச்சாலும் பூஜ்யந்தான். எங்க ஆளுங்க யாரை வச்சாலும் பூஜ்யந்தான்.”

முகம் கல்லாகத்தான் இருந்தது. காதுகள் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்ததை அவள் பார்த்தாள்.

“அப்படியா?” என்றாள் அவள்.

“ஆமா அண்ணி. சத்தியமா.”

“அதானே. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.”

கல்லு அவள் முகத்தைப் பார்த்தார். நாற்பது வருடம் எதிரில் உட்கார்ந்தவர்களின் முகத்தைப் படித்தே பேர் வாங்கிய மனிதர். நெற்றி, புருவம், வாயோரம் என்று நிதானமாகத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. தோள்களைத் தளர்த்தி மூச்சு விட்டார்.

“டீ ஊத்தட்டுமா தம்பி?”

“கொஞ்சமா ஊத்துங்க.”

அவள் கோப்பையை விளிம்பு வரை நிரப்பி, மேசைக்கு மேலாக நீட்டினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.